எதிர்த்திசை ரயிலும் கடவையும்: வேக விதிகள்

இரட்டைப் பாதையில் ஒவ்வொரு தடமும் ஒரே திசைக்கு உரியது. இலங்கையிலும் இந்தியாவிலும் ரயில்கள் இடப்பக்கத் தடத்தில் ஓடுகின்றன. கண்டிக்குச் செல்லும் பிரதான பாதை கொழும்பு கோட்டையிலிருந்து ரம்புக்கனை வரை இரட்டைத் தடமாகவும், அதற்கு மேல் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒற்றைத் தடமாகவும் அமைந்திருக்கிறது. ஒரு திசைக்கு உரிய தடத்தில் மறுதிசையிலிருந்து ரயில் வந்தால் அது எதிர்த்திசை ஓட்டம். மண்சரிவு, மரம் விழுதல், தடம் புரள்தல், தண்டவாளத் திருத்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் ஒரு தடம் மூடப்பட்டால், எஞ்சிய தடமே இரு திசைக்கும் பயன்படுகிறது. பழுதடைந்து நடுவழியில் நின்ற ரயில் பின்னோக்கித் தள்ளப்படுவதும், திருத்த வேலைக்குப் போன ரயில் வேலை முடிந்து வந்த வழியே திரும்புவதும் இதே வகையில் அடங்கும்.

இத்தகைய ஓட்டத்தில் ரயில்களுக்கு இடையிலான மோதலைத் தவிர்க்கும் ஏற்பாடுகள் பலமானவை. இரு நிலைய அதிபர்களும் பேசி உறுதிசெய்த பிறகே, எழுத்து மூலமான அனுமதியுடன் ரயில் புறப்படுகிறது. வீதியும் ரயிலும் சந்திக்கும் கடவையில் நிலைமை வேறு. நிலைய அதிபர்களின் பேச்சு வீதியில் வருபவரின் காதுக்கு எட்டாது. கடவையின் மணி, விளக்கு, கேற், சமிக்ஞை யாவும் வழக்கமான திசையில் வரும் ரயிலை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. மறுதிசையில் வரும் ரயிலுக்கு அவை கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். ஆகவே கடவை செய்ய வேண்டிய எச்சரிக்கை வேலையை ரயிலே ஏற்க வேண்டியிருக்கிறது. எதிர்த்திசை ஓட்டத்துக்கான வேக விதிகள் பல இந்தப் பொறுப்பு மாற்றத்திலிருந்து பிறந்தவை. இதைப் புரிந்துகொண்டவர் எந்த நாட்டு விதி நூலைப் புரட்டினாலும் அதிலுள்ள எண்களின் காரணத்தைத் தாமே கண்டுகொள்வார்.

எச்சரிக்கை நேரம்

தானியங்கிக் கடவையின் கணக்கு எளிமையானது. வீதியில் இருப்பவருக்கு இத்தனை செக்கன் எச்சரிக்கை வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் அந்தப் பாதையின் மிக வேகமான ரயில் கடக்கும் தூரம் கணக்கிடப்பட்டு, கடவையிலிருந்து அத்தனை மீற்றர் முன்னால் ரயிலை உணரும் கருவி வைக்கப்படுகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் செக்கனுக்கு 22 மீற்றருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. 25 செக்கன் எச்சரிக்கைக்கு ஏறத்தாழ 555 மீற்றர் தேவை. வேகம் 100 கிலோமீற்றர் என்றால் அதே 25 செக்கனுக்கு ஏறத்தாழ 695 மீற்றர். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் குறைந்தது 20 செக்கன் எச்சரிக்கை வேண்டும் என்கின்றன. பிரித்தானியாவின் தானியங்கி அரைத்தடுப்புக் கடவைகளில் இது 27 செக்கன்.

இந்த நேரம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் ஹிக்சன் கடவை 1968 ஜனவரி 6 அன்று காட்டியது. 120 தொன் மின்மாற்றியை ஏற்றிய நீண்ட வாகனம் நடைவேகத்துக்கும் குறைவாகத் தடத்தைக் கடந்துகொண்டிருந்தது. அது முழுவதும் விலக ஏறத்தாழ ஒரு நிமிடம் தேவைப்பட்டது. கடவை கொடுத்ததோ 24 செக்கன். அப்போது வந்த விரைவு ரயில் மோதியதில் 11 பேர் இறந்தனர். அந்த ரயில் சரியான தடத்தில், சரியான திசையில், அனுமதிக்கப்பட்ட வேகத்தில் வந்தது. கருவியும் அமைக்கப்பட்டபடியே வேலை செய்தது. எச்சரிக்கை குறைவாக இருந்த இடத்திலேயே இந்த விளைவு என்றால், எச்சரிக்கையே இல்லாமல் ரயில் வரக்கூடிய நிலையை எத்தனை கவனத்துடன் கையாள வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

எதிர்த்திசையில் ரயில் வரும்போது 555 மீற்றருக்கு அப்பாலுள்ள உணர்கருவி கடவையின் மறுபக்கத்தில் இருக்கிறது. ரயில் கடவையைத் தாண்டிய பிறகே அதை அடையும். கடவையை ஒட்டிய சிறிய தடத்துண்டு மட்டும் ரயிலை உணரக்கூடும். அந்தத் துண்டு வீதி விளிம்பிலிருந்து 30 மீற்றர் நீண்டிருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் அந்த 30 மீற்றரை 4 செக்கனுக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும். 10 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும் 11 செக்கன்தான் கிடைக்கும். நடைவேகமான 5 கிலோமீற்றரில் வந்தால்தான் 20 செக்கனைத் தாண்டும். எனவே வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதுமான எச்சரிக்கை கிடைத்துவிடாது. தானியங்கிக் கடவையின் முன் நின்று, மணியும் விளக்கும் இயங்கத் தொடங்கியதைக் கண்டு, வீதி வெறுமையானதைப் பார்த்த பிறகு நகர்வதே முறை. வேக வரம்பின் பயன், அப்படி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடிவதே.

நிறுத்தும் தூரம்

சாரதி தடையைக் கண்டு பிரேக் பிடிக்கத் தொடங்க 3 செக்கன் ஆகிறது என்றும், பிரேக் பிடித்த பின் ரயிலின் வேகம் செக்கனுக்குச் செக்கன் அரை மீற்றர் வீதம் குறைகிறது என்றும் வைத்துக்கொண்டால், சமதளத்தில் நிறுத்தும் தூரம் பின்வருமாறு அமையும். 80 கிலோமீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 560 மீற்றர். 40 கிலோமீற்றரில் 157 மீற்றர். 25 கிலோமீற்றரில் 69 மீற்றர். 15 கிலோமீற்றரில் 30 மீற்றர். 10 கிலோமீற்றரில் 16 மீற்றர். வேகம் பாதியானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் கால்வாசியாகிறது. விதி நூல்களில் இத்தகைய சிறிய எண்கள் தென்படுவதற்கு இது ஒரு காரணம்.

மலைநாட்டில் இந்தக் கணக்கு கடுமையாகிறது. ரம்புக்கனைக்கு மேல் 44க்கு 1 என்ற சரிவும், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரமுள்ள வளைவுகளும் உண்டு. 44க்கு 1 சரிவில் இறங்கும் ரயிலைப் புவியீர்ப்பு முன்னே இழுப்பதால், அரை மீற்றர் வீதத்தில் கிடைத்த பிரேக் பலன் 0.28 மீற்றராகச் சுருங்குகிறது. 25 கிலோமீற்றர் வேகத்தில் 69 மீற்றரில் நின்ற ரயில் இங்கே நிற்க 108 மீற்றர் எடுக்கும். ஈரத் தண்டவாளமும் தேயிலைத் தோட்டத்து மூடுபனியும் இதை மேலும் நீட்டும்.

வளைவில் பார்வை எவ்வளவு தூரம் எட்டும் என்பதையும் கணக்கிடலாம். 100 மீற்றர் ஆர வளைவில், தடத்தின் நடுவிலிருந்து 4 மீற்றர் தள்ளி உட்புறமாக வெட்டப்பட்ட மண்சுவர் இருந்தால், சாரதிக்கு முன்னால் தெரியும் தடம் 57 மீற்றர் அளவுதான். அங்கே இறங்குமுகமாக 25 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் தாம் காணும் தூரத்துக்குள் நிறுத்த இயலாது. 20 கிலோமீற்றரிலும் இயலாது. அதற்கு 72 மீற்றர் வேண்டும். 15 கிலோமீற்றரில் 44 மீற்றரில் நிற்கலாம். எனவே விதி நூல் 25 என்று சொன்னாலும், அது உச்ச வரம்பு. கண்ணுக்குத் தெரியும் தூரத்தின் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகமே மலைப் பாதையில் நம்பத் தகுந்த அளவுகோல். எதிரே இன்னொரு வாகனமோ ரயிலோ நகர்ந்து வரக்கூடும் என்பதால் மற்றப் பாதியைக் கைவசம் வைத்துக்கொள்வது அவசியம்.

இந்திய விதிகளில் முதல் ரயிலின் பங்கு

இலங்கையில் பணியாற்றுவோருக்குப் புகையிரதத் திணைக்களத்தின் விதி நூலும் சுற்றறிக்கைகளுமே கட்டளை. ஆயினும், அகலப்பாதையும் பிரித்தானிய மரபும் பொதுவாக உள்ள இந்திய ரயில்வேயின் 1976 பொது விதிகளும் அவற்றின் துணை விதிகளும் எதிர்த்திசை ஓட்டத்தை விரிவாக எடுத்துரைப்பதால், கொள்கையை விளக்க அவை நன்கு உதவுகின்றன.

இரட்டைப் பாதையில் ஒரு தடம் மூடப்பட்டு மற்றதில் இரு திசை ரயில்களும் விடப்படுவதை இந்திய விதிகள் தற்காலிக ஒற்றைப் பாதை முறை என்கின்றன. தடம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பகமான தகவல் கிடைத்ததும், இரு நிலைய அதிபர்களும் தொலைபேசியில் ஒப்புக்கொண்டு, டி/டி 602 என்ற படிவத்தில் சாரதிக்கு அனுமதி எழுதிக் கொடுக்கின்றனர். எந்தத் தடத்தில் ஓட வேண்டும், தடங்கல் எந்தக் கிலோமீற்றர்களுக்கு இடையில், வேகக் கட்டுப்பாடு என்ன என்பன அதில் இடம்பெறும். எதிர்த்திசையில் செல்லும் முதல் ரயில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. வழியிலுள்ள ஒவ்வொரு கடவைக் காப்பாளரிடமும், தண்டவாளத் தொழிலாளர் குழுவிடமும் நின்று, இந்தத் தடத்தில் இனி இரு திசையிலும் ரயில் வரும் என்று சொல்லிச் செல்வது அந்தச் சாரதியின் கடமை. அடுத்து வரும் ரயில்கள் வழக்கமான வேகத்தில் ஓடலாம்.

முதல் ரயிலுக்கு மட்டும் 25, மற்றவற்றுக்கு வழக்கமான வேகம் என்பது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றலாம். விதியின் நுட்பமே அதில்தான் இருக்கிறது. தொலைபேசி எட்டாத காப்பாளரும் உண்டு. எட்டினாலும் தூக்கக் கலக்கத்தில் கேட்டு மறந்தவரும் உண்டு. நேரில் வந்து நின்று சொல்லும் சாரதியின் சொல் அப்படி மறந்துபோகாது. அந்தச் சொல் பாதை நெடுகப் பரவும் வரைதான் குறைந்த வேகம். ஆனால் இந்த ஏற்பாடு ஆள் உள்ள கடவைகளை நம்பியது. தானாக இயங்கும் மணிக்கும் விளக்குக்கும் எந்தச் சாரதியும் சேதி சொல்லிவிட்டுப் போக முடியாது. அத்தகைய கடவை குறுக்கிட்டால், அங்கே ஆள் நிறுத்தப்படும் வரை ஒவ்வொரு ரயிலும் முதல் ரயிலைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். இலங்கையில் மணி-விளக்குக் கடவைகளும், பொலிஸ் ஊடாக அமர்த்தப்பட்ட நாட்கூலிக் காப்பாளர்கள் நிற்கும் கடவைகளும் இருப்பதால் இந்த வேறுபாடு மிக முக்கியமானது. நிலையத்துடன் நேரடித் தொலைபேசி இல்லாத காப்பாளர், தன் கண்ணையும் நேர அட்டவணையையும் நம்பி நிற்பவர். அட்டவணையில் இல்லாத திசையிலிருந்து வரும் ரயிலைப் பற்றி அவருக்கு முன்கூட்டிச் சொல்வது நிலையத்தின் பொறுப்பு என்பதை வேலைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

நிலையத்தை நெருங்கும்போதும் எதிர்த்திசை ரயில் தானாக உள்ளே நுழைவதில்லை. சரியான தடத்துக்குரிய முதல் நிறுத்தற் சமிக்ஞைக்கு நேரெதிரேயோ, தான் ஓடும் தடத்துக்குரிய கடைசி நிறுத்தற் சமிக்ஞையிலோ, எது முதலில் வருகிறதோ அங்கே நிற்க வேண்டும். சீருடை அணிந்த ஊழியர் வந்து அழைத்துச் செல்வார். நிலையத்தை ஒட்டிய கடவைகள் பலவும் இந்த இடைவெளிக்குள்தான் அமைகின்றன. அழைத்துச் செல்பவர் தண்டவாள முனைகளை மட்டும் பார்த்தால் போதாது. கேற் மூடியிருக்கிறதா என்பதையும் கண்ணால் கண்ட பிறகே கொடியசைக்க வேண்டும்.

சமிக்ஞை காக்கும் கடவைகளுக்கு இந்திய விதிகளில் இன்னொரு நல்ல வழிமுறை உண்டு. கடவைக்குரிய நிறுத்தற் சமிக்ஞை சிவப்பில் இருந்தால், சாரதி விசில் ஊதி நின்று, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருக்கிறார். பிறகும் மாறாவிட்டால் எச்சரிக்கையுடன் கடவை வரை செல்கிறார். காப்பாளர் கைச் சமிக்ஞை காட்டினால் கடக்கலாம். காப்பாளர் இல்லையென்றால் கடவைக்கு முன் நின்று, ரயில் ஊழியர் ஒருவர் இறங்கிக் கேற்றை மூடி, கைச் சமிக்ஞை காட்டிய பிறகே நகர வேண்டும். எதிர்த்திசையில் அத்தகைய சமிக்ஞை சாரதியின் பக்கம் முகம் காட்டுவதில்லை. அதன் முதுகுதான் தெரியும். சிவப்பு தெரியாததைப் பச்சையாக எண்ணிவிடாமல், சமிக்ஞை சிவப்பில் இருந்தால் எப்படிச் செய்வாரோ அப்படியே ஒவ்வொரு கடவையையும் அணுகுவது பாதுகாப்பான பழக்கம்.

பின்னோக்கித் தள்ளுதல்

எதிர்த்திசை ஓட்டத்தில் மிகவும் ஏமாற்றக்கூடியது ரயில் தான் வந்த வழியே பின்னோக்கிச் செல்வது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது சாரதிக்கு முன்பக்கம் தெரியாது. இந்திய விதிகள், கார்ட் முன்செல்லும் பெட்டியில் நின்று கைச் சமிக்ஞை காட்டினால் மணிக்கு 25 கிலோமீற்றரையும், அப்படியில்லாவிட்டால் 10 கிலோமீற்றரையும் உச்சமாக வைக்கின்றன. பாதைக் கண்காணிப்புக்காகச் செல்லும் சிறப்பு வண்டிக்கு மட்டும் 40 வரை அனுமதி உண்டு. இரு முனையிலும் சாரதி அறை உள்ள டீசல் தொடர்வண்டியில் சாரதி மறுமுனைக்குச் சென்று ஓட்டினால் அது தள்ளுதல் ஆகாது. பார்வை சாரதிக்கே கிடைத்துவிடுகிறது. கடவையின் கருவிக்கோ இந்த வேறுபாடு தெரியாது.

கருவி ஏமாறும் விதம் இதுதான். இரு திசைக்கும் அமைந்த தானியங்கிக் கடவையில், ரயில் ஒரு பக்கத்தால் நுழைந்து கடவையைத் தாண்டியதும், மறுபக்கத் தடத்துண்டில் அது நிற்பதைக் கருவி 'வெளியேறும் ரயில்' என்று குறித்துக்கொள்கிறது. அப்படிக் குறிக்காவிட்டால், ரயில் கடந்துபோன பிறகும் நீண்ட நேரம் கேற் மூடியே கிடக்கும். வெளியேறும் ரயிலுக்கு எச்சரிக்கை தேவையில்லை என்று கேற் திறக்கிறது. அந்த ரயில் 200 மீற்றர் போய்ப் பழுதடைந்து பின்னோக்கி வந்தால், கருவியின் கணக்கில் அது இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கடவையை ஒட்டிய சிறு துண்டை மீண்டும் தொடும் வரை மணி ஒலிக்காது. வீதியில் இருப்பவர்களோ, ரயில் இப்போதுதான் போயிற்று, இனி வராது என்று நிச்சயித்துக்கொண்டு கடக்கும் நேரம் அது. ஆகவே, தாண்டிவிட்ட கடவையை நோக்கிப் பின்செல்லும் எந்த ரயிலும், எச்சரிக்கை இயங்காத கடவையை அணுகுவதாகவே கருதி, முன்னால் நின்று, ஊழியரை இறக்கி வீதியைத் தடுத்த பிறகே கடக்க வேண்டும். இதில் கார்ட் தயங்கக்கூடாது. ஐந்து நிமிடத் தாமதம் எவரையும் கொல்வதில்லை.

தள்ளுவண்டி, பாதைக் கண்காணிப்பு வண்டி போன்ற இலகு வாகனங்களும் இதே இனம். சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இருந்தாலோ தண்டவாளத்தில் துரு படிந்திருந்தாலோ, அவை எந்தத் திசையில் வந்தாலும் கருவி உணராமல் போகலாம். அவற்றுக்குக் கடவை என்பது எப்போதும் நின்று செல்ல வேண்டிய இடம்.

எஞ்சின் கடவையை அடைந்த பிறகு

அமெரிக்க விதிகள் இன்னொரு கேள்விக்குத் தெளிவான விடை தருகின்றன: குறைந்த வேகம் எதுவரை? எச்சரிக்கை இயங்கத் தவறிய கடவையில், வீதியின் ஒவ்வொரு திசைக்கும் கொடிகாட்டுபவர் அல்லது சீருடைப் பொலிஸார் இருந்தால் ரயில் வழக்கமான வேகத்தில் கடக்கலாம். கொடிகாட்டுபவர் இருந்தும் எல்லாத் திசைக்கும் இல்லையென்றால் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீற்றர். யாருமே இல்லையென்றால் ரயில் நின்று, ஊழியர் இறங்கி வீதியைத் தடுக்க வேண்டும். எஞ்சின் கடவையைத் தாண்டியதும் வழக்கமான வேகத்துக்குத் திரும்பலாம்.

கடைசி வரியின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. எஞ்சின் வீதியை மறித்துக்கொண்ட கணத்திலிருந்து ரயிலே தடுப்பாகிவிடுகிறது. அதன்பின் மெதுவாகப் போவதால் வீதியில் இருப்பவருக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை. ஆனால் இரட்டைப் பாதையில் ஒரு விலக்கு உண்டு. மறுதடம் திறந்திருந்து அதில் ரயில் ஓடிக்கொண்டிருந்தால், முதல் ரயில் நகர்ந்ததும் வீதி வாகனங்கள் பாய்ந்து முன்னேறும். அங்கே வேகம் கூட்டுவதைவிட, கொடியுடன் இறங்கிய ஊழியர் கடைசிப் பெட்டி தாண்டும் வரை வீதியிலேயே நிற்பது நல்லது.

கண்டி – மாத்தளை ஒற்றைப் பாதையில்

இந்த விதிகளை ஓர் ஒற்றைப் பாதையில் பொருத்திப் பார்க்க, 1880இல் திறக்கப்பட்ட மாத்தளைப் பாதையை எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவெல வழியாக மாத்தளையை அடையும் ஒற்றைத் தடம் அது. ஒற்றைத் தடத்தில் இரு திசையும் சரியான திசையே. சமிக்ஞைகள் இரு பக்கமும் முகம் காட்டுகின்றன. கடவைக் காப்பாளரும் இரு பக்கமும் எதிர்பார்த்தே நிற்கிறார். ஆகவே இரட்டைப் பாதையின் எதிர்த்திசை விதிகள் இங்கே நேரடியாகப் பொருந்தா. பின்னோக்கித் தள்ளும் விதிகள் மட்டும் அப்படியே பொருந்தும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால், வத்தேகமைக்கு அப்பால் நின்ற ரயில் திரும்பி வருவது இயல்பு. அது வந்த வழியில் தாண்டிய ஒவ்வொரு கடவையும் அப்போது மீண்டும் புதிய கடவையாகிறது.

கண்டி நிலையத்தில் திசை மாறுவது அன்றாட வழக்கம். கொழும்பிலிருந்து கண்டி வழியாகப் பதுளை செல்லும் பொடி மெனிக்கே போன்ற ரயில்கள் கண்டிக்குள் வந்து, எஞ்சினை மறுமுனைக்கு மாற்றி, வந்த வழியே பேராதனைக்குத் திரும்பி மலையேறுகின்றன. அங்கே எஞ்சின் முன்னால் மாற்றப்படுவதும், நிலையத்திலிருந்து முறையான அனுமதியுடன் புறப்படுவதும் அதைச் சாதாரண ஓட்டமாக்குகின்றன. வீதியில் இருப்பவர் அறிய வேண்டியது ஒன்றே: சற்று முன் கண்டி நோக்கிப் போன ரயில், குறுகிய நேரத்தில் அதே கடவையை மறுதிசையில் கடக்கக்கூடும்.

வீதியில் செல்வோருக்கு

கொழும்பு – கண்டி ரயில் பாதையில் பொல்கஹவெலவை ஒட்டிய பகுதியிலும் இரட்டைப் பாதைக் கடவைகள் உண்டு. 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெலக்கு அருகிலுள்ள யாங்கல்மோதரை கடவையில், ரயிலுக்கு முந்திக் கடந்துவிட முயன்ற பஸ் மீது கொழும்பிலிருந்து கண்டி நோக்கி வந்த நகர்சேர் விரைவு ரயில் மோதியதில் குறைந்தது 35 பேர் இறந்தனர். அது எதிர்த்திசை ஓட்டம் அல்ல. வழக்கமான தடத்தில் வழக்கமான திசையில் வரும் ரயிலையே இப்படித் தவறாகக் கணிக்கும் சாரதி, எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும் ரயிலைக் கணிப்பார் என்று எந்த விதியும் நம்பி இருக்கக்கூடாது. எதிர்த்திசை வேக விதிகள் ரயில்காரரை நோக்கி எழுதப்பட்டிருப்பதன் நியாயம் இது.

ஆயினும் வீதிச் சாரதிக்கும் கடமை உண்டு. இரட்டைத் தடத்தில் இந்தத் தடத்து ரயில் அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்ற பழக்கத்தைக் கைவிட்டு, இரு தடத்திலும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு ரயில் போனதும் உடனே நகராமல் மறுதடம் முழுவதும் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். 11 மீற்றர் பஸ், 15 மீற்றர் அகலமான கடவைப் பகுதியை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் முழுவதும் கடக்க 9 செக்கனுக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் 25 கிலோமீற்றர் வேக ரயில் 65 மீற்றர் முன்னேறிவிடும். 80 கிலோமீற்றர் வேக ரயிலோ 200 மீற்றரைத் தாண்டிவிடும். அப்பால் இடம் இல்லாமல் கடவைக்குள் நுழைவது எந்தத் திசை ரயிலுக்கும் ஆபத்து.

வாகனம் தடத்தில் சிக்கிவிட்டால் முதலில் ஆட்களை இறக்கித் தடத்தை விட்டு விலக்க வேண்டும். கடவைக் காப்பாளருக்கோ அருகிலுள்ள நிலையத்துக்கோ பொலிஸ் அவசர எண் 119க்கோ உடனே தெரிவிக்க வேண்டும். ரயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று உறுதியாகத் தெரியாதபோது, எச்சரிக்கை காட்டச் செல்பவர் ஒருவர் மட்டும் ஒரு பக்கம் ஓடுவது பாதி வேலை. இரு பக்கமும் ஆள் அனுப்ப வேண்டும். அவர்கள் தண்டவாளத்துக்கு வெளியே ஓரமாக ஓடி, சிவப்புத் துணியை அல்லது இரவில் விளக்கை அசைக்க வேண்டும்.

எந்தப் பக்கம் ஓடிக் காப்பது என்பது காப்பாளர்களுக்கு இன்னும் கூர்மையான கேள்வி. இந்திய முறையில் அகலப்பாதையில் தடங்கலைக் காக்க, அதிலிருந்து 600 மீற்றரில், சக்கரம் ஏறியதும் வெடித்துச் சாரதியை எச்சரிக்கும் ஒரு வெடியும், 1,200 மீற்றரில் 10 மீற்றர் இடைவெளியில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைக்கப்படுகின்றன. வழக்கமான நாளில் இரட்டைப் பாதைக் காப்பாளர், ஒவ்வொரு தடத்திலும் ரயில் வரும் பக்கத்தை மனப்பாடமாக அறிந்து அந்தப் பக்கம் ஓடுவார். தற்காலிக ஒற்றைப் பாதை நடைமுறையில் இருக்கும் நாளில் அந்த மனப்பாடம் அவரை ஏமாற்றும். எதிர்த்திசை ஓட்டம் தொடங்கியது என்ற சேதி வந்த உடனேயே, திறந்திருக்கும் தடத்துக்கு இரு பக்கமும் காப்பு வேண்டும் என்பதை அவர் கேற் அறையின் பலகையில் பெரிதாக எழுதி வைப்பது நல்ல வழக்கம். பணி மாறும்போது அடுத்தவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகட்டும்.

வழக்கமான முறைக்குத் திரும்புதல்

மூடிய தடம் திருத்தப்பட்டு, ரயில் ஓட ஏற்றது என்று பொறுப்பான அதிகாரி எழுத்தில் சான்று தந்த பிறகே தற்காலிக ஒற்றைப் பாதை முறை நீக்கப்படுகிறது. கடைசி எதிர்த்திசை ரயில் முழுதாக அடுத்த நிலையத்தை அடைந்தது, அதன் வால் விளக்குடன் வந்து சேர்ந்தது என்று இரு நிலைய அதிபர்களும் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் அந்தப் பகுதியின் ஒவ்வொரு கடவைக்கும் நீக்கச் சேதி தனித்தனியே போக வேண்டும். காப்பாளர் அதைத் திருப்பிச் சொல்லி, நேரத்தையும் சேதி தந்தவர் பெயரையும் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிட வேண்டும். தொலைபேசி இல்லாத கடவைக்கு, வழக்கமான முறையில் செல்லும் முதல் ரயிலின் சாரதி நின்று சொல்லிச் செல்வார். திருத்தப்பட்ட தடத்தில் புதிய சரளைக் கல் இறுகும் வரை பொறியியல் பகுதி விதிக்கும் வேகக் கட்டுப்பாடு தனியாகத் தொடரும். தானியங்கிக் கடவைகளில் கொடியுடன் நிறுத்தப்பட்டிருந்த ஊழியர்கள், கருவி சரியான திசை ரயிலுக்கு ஒரு முறை முழுதாக இயங்கி ஓய்ந்ததைக் கண்ட பின்னரே திரும்ப வேண்டும்.